முதல் ஆல்பம் வெளியான பிறகு: கேட்பவர்கள் சொன்னதும் செய்ததும்

என் முதல் ஆல்பம் வெளியான வாரத்தில் எனக்கு வந்த செய்திகளில் பெரும்பாலானவை பாடல்களைப் பற்றிப் பேசவே இல்லை. "குரல் இனிமையாக இருக்கிறது", "பெருமையாக இருக்கிறது", "இவ்வளவு நாளும் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?" என்றே அவை வந்தன. பத்துப் பாடல்களும் நானே எழுதி, மெட்டமைத்து, பாடியவை. ஒவ்வொன்றிலும் ஒரு வரிக்காகவோ ஓர் இடையிசைக்காகவோ நாள் கணக்கில் உழைத்திருந்ததால், எந்தப் பாடல், எந்த இடம் என்று யாராவது சுட்டிச் சொல்வார்கள் என எதிர்பார்த்திருந்தேன். வாழ்த்து அனுப்பியவர்களில் பலர் முதல் பாடலின் பாதியைக்கூட அப்போது தாண்டியிருக்கவில்லை என்பது பின்னர் பேச்சுவாக்கில் தெரியவந்தது. அதில் குறைபட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. தெரிந்தவர் ஒருவர் துணிந்து ஒரு காரியத்தை முடித்துவிட்டார் என்ற மகிழ்ச்சியை அவர்கள் தெரிவித்தார்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானது, நன்றியோடு ஏற்றுக்கொள்ள வேண்டியது. ஆனால் அதைக் கொண்டு பாடல்களை எடைபோட முடியாது.

தானே எழுதித் தானே பாடும் ஒருவரின் முதல் ஆல்பத்தைக் கேட்பவர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதை அதன் பிறகான மாதங்களில் கூர்ந்து கவனித்து வந்திருக்கிறேன். அவர்கள் வாயால் சொல்வதைவிட அவர்கள் செய்வதே பாடலைப் பற்றி அதிகம் சொல்கிறது என்பதுதான் நான் கண்டது. மறுபடி கேட்கிறார்களா, நடுவில் நிறுத்துகிறார்களா, இன்னொருவருக்கு அனுப்புகிறார்களா, வேறு வேலையாக இருக்கும்போது மெட்டை முணுமுணுக்கிறார்களா என்பவற்றைப் பார்க்கப் பழகிவிட்டால், பாராட்டும் குறையும் அவற்றுக்கு உரிய அளவிலேயே நம்மைத் தொடும். முதல் ஆல்பத்தைத் தயாரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள் பயன்படும் என்று நம்புகிறேன்.

இந்தக் கவனிப்பை வெளியீட்டுக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. மிக்ஸிங் (பதிவுசெய்த குரலையும் கருவிகளையும் உரிய அளவில் கலக்கும் வேலை) முடியாத நிலையிலேயே பாடல்களைச் சில நண்பர்களுக்குத் தனித்தனியாகப் போட்டுக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எவரும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள் என்பதால், அறையின் மறுபக்கம் ஏதாவது ஒரு வேலையில் இருப்பேன். நான்காவது பாடலில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப நடந்தது. முதல் சரணம் வரை கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர்கள், இரண்டாவது சரணத்தின் மூன்றாம் வரி வந்ததும் கால் தாளத்தை நிறுத்தினார்கள். ஒருவர் கைபேசியைத் திருப்பிப் பார்த்தார், இன்னொருவர் கடிகார வாரைச் சரிசெய்தார். ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாதவர்கள் ஒரே வரியில் கவனம் பிசகினார்கள். பாடல் முடிந்ததும் அவர்கள் அனைவரும் சொன்னது ஒன்றுதான்: "நன்றாக இருக்கிறது."

அந்த வரியில் குறை ஏதும் இல்லை. அதுவரை பாடலில் புதிதாக எதுவும் நுழையவில்லை என்பதே காரணம். முதல் சரணத்தில் இருந்த அதே கிதார் நடை, அதே குரல் அழுத்தம், அதே மெட்டு. கேட்பவரின் காது அடுத்து வரப்போவதை முன்கூட்டியே அறிந்துகொண்டு ஓய்வெடுக்கத் தொடங்கியிருந்தது. நானும் என்னுடன் இசைக்கோவை செய்த நண்பரும் இரண்டாவது சரணத்தின் கடைசி இரண்டு வரிகளை நீக்கினோம். அந்தச் சரணம் தொடங்கும் இடத்திலேயே பேஸ் கிதாரைக் கொண்டுவந்தோம். மூன்றாம் வரியில் மட்டும் மெட்டை ஒரு சுரம் மேலே ஏற்றினேன். அடுத்த முறை கேட்ட ஒருவர் பாடல் முடிந்து எதுவும் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். ஆனால் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அந்தப் பாடலின் கோரஸை, அதாவது சரணங்களுக்கு இடையே வரும் முக்கியப் பகுதியை, முணுமுணுத்தார். தான் முணுமுணுப்பது அவருக்கே தெரியவில்லை. எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதைவிடத் தெளிவானது எதுவும் இல்லை.

ஆகவே "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு நல்ல மனம் படைத்த எவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். மறுநாள், பாடல் கையில் இல்லாதபோது, "நேற்றுக் கேட்டதில் எந்த வரி நினைவில் இருக்கிறது?" என்று கேட்கிறேன். வரி நினைவில்லாவிட்டாலும் மெட்டை இசைத்துக்காட்டுவார்கள். மெட்டும் இல்லாவிட்டால் "அந்த மழை பற்றிய பாட்டு" என்பது போல ஒரு படத்தையாவது சொல்வார்கள். மூன்றும் இல்லையென்றால் அந்தப் பாடலில் இன்னும் வேலை இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையை ஒரே ஆளிடம் இரண்டு முறைக்கு மேல் செய்யக் கூடாது. மூன்றாம் முறைக்குள் அவர் கேட்பவராக இருப்பதை விட்டு உங்கள் கூட்டாளியாகிவிடுவார்.

பாடலின் தொடக்கத்தைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். ஸ்பாட்டிஃபை என்ற இணைய இசைத் தளத்தில் ஒரு பாடல் குறைந்தது 30 விநாடி ஓடினால்தான் அது ஒரு முறை கேட்கப்பட்டதாகக் கணக்கில் சேரும். அதற்குள் அடுத்த பாடலுக்குத் தாவிவிட்டால் பாடியவருக்கு அதிலிருந்து வருமானமும் இல்லை. இதனால் முன்னிசையை அடியோடு வெட்டிவிட்டுக் கோரஸையே முதலில் வைக்கச் சொல்லும் அறிவுரை முதல் ஆல்பம் செய்பவர் எவருக்கும் கிடைக்கும், எனக்கும் கிடைத்தது. சில பாடல்களுக்கு அது பொருந்துகிறது. ஆனால் கேட்பவர் விரும்புவது வேகத்தை அல்ல, தான் எங்கே வந்திருக்கிறோம் என்ற தெளிவை என்றே என் அனுபவம் சொல்கிறது. நீளமான முன்னிசை கொண்ட என் ஆறாவது பாடலை மக்கள் பொறுமையாகக் கேட்டார்கள், ஏனென்றால் முதல் சில விநாடிகளிலேயே ஒரு குறிப்பிட்ட ஒலி வந்து, இது எந்த மாதிரியான பாடல் என்று சொல்லிவிடுகிறது. அதைவிடக் குறுகிய முன்னிசை கொண்ட இரண்டாவது பாடலில், எதையும் அறிவிக்காத பொதுவான கிதார் மீட்டல் மட்டுமே இருந்தது. அங்கேதான் அதிகம் பேர் தாவினார்கள். முன்னிசையை அளவுகோலால் அளக்காதீர்கள். அதில் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆல்பத்தின் முதல் பாடலுக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. முன்பின் அறியாத ஒருவரை அங்கேதான் கேட்பவர் சந்திக்கிறார். அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் முதல் முழு ஆல்பம் 2019 மார்ச்சில் வெளிவந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் பெற்றோரின் வீட்டிலிருந்த ஒரு படுக்கையறையில் அண்ணன் ஃபினியஸுடன் சேர்ந்து அதன் பெரும்பகுதியை அவர் உருவாக்கினார். கால் நிமிடம்கூட நீடிக்காத அதன் முதல் துண்டில் பாட்டே இல்லை. பல்வரிசையைச் சீராக்கும் உறையை வாயிலிருந்து கழற்றும் சத்தமும், இதோ ஆல்பம் என்று அறிவித்துவிட்டு அண்ணனும் தங்கையும் சிரிக்கும் சிரிப்பும்தான். அடுத்த ஆண்டு கிராமி விருதுகளில் முதன்மையான நான்கு பிரிவுகளையும் அவருக்கு வென்றுதந்த ஓர் ஆல்பத்தின் வாசல் அவ்வளவு எளியது. அதை யாரும் நகல் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நுட்பமான கணிப்பு இருக்கிறது: கேட்பவர் ஓர் உடலையும் ஓர் அறையையும் உணர்ந்துவிட்டால், அதன் பிறகு வரும் விசித்திரமான ஒலிகளையெல்லாம் நம்பிக்கையோடு பின்தொடர்வார்.

என் ஆல்பத்திலும் இதை நான் கண்கூடாகப் பார்த்தேன். ஒன்பதாவது பாடலின் கடைசிச் சரணத்துக்கு முன் எல்லாக் கருவிகளும் நின்று, நான் மூச்சை இழுக்கும் ஒலி மட்டும் கேட்கும். மிக்ஸிங்கின்போது ஒலிப்பொறியாளர் அதை நீக்கிவிடலாம் என்றார். சுத்தமான பதிவில் அப்படிச் செய்வதே வழக்கம். நான் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் அதன் சத்தத்தைச் சற்றே குறைத்து, முழுவதுமாக வெட்டாமல் விட்டார். பாடல்களை முழுமையாகக் கேட்டவர்கள் எனக்கு எழுதியபோது, மெட்டைவிடவும் வரிகளைவிடவும் அதிகமாகக் குறிப்பிட்டது அந்த மூச்சைத்தான். நடந்துகொண்டே கேட்ட ஒருவர் அந்த இடத்தில் நின்றுவிட்டதாக எழுதினார். ஹெட்போனில் கேட்கும்போது அது பாடுகிறவர் காதருகே இருப்பதைப் போன்ற உணர்வைத் தருகிறது. அதன் பிறகு ஒவ்வொரு பதிவிலும் எதை நீக்குகிறோம் என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்கிறேன். சுருதி விலகலையும், நாற்காலி கிரீச்சிடுவதையும் நீக்கலாம்; மனிதர் இருக்கிறார் என்று தெரிவிக்கும் ஒலியை நீக்குவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

ஒலித்தரம் பற்றிச் சுருக்கமாக இரண்டு சொல்லிவிடுகிறேன். கேட்பவர்களில் கணிசமானோர் முதல் முறை கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில்தான் கேட்கிறார்கள். அதில் ஆழமான பேஸ் ஒலி அநேகமாகக் கேட்கவே கேட்காது. பேஸ் ஒலிக்கு இலேசான கரகரப்பைச் சேர்த்தால் அதன் மேல்சுரங்கள் (அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகள்) சிறிய ஸ்பீக்கரிலும் கேட்கும். காது மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். இரண்டாவது, ஸ்ட்ரீமிங் தளங்கள் பாடல்களின் சத்தத்தை ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கொண்டுவந்தே ஒலிக்கவிடுவதால், மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் செப்பனிடும் வேலையில்) சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றுவதில் லாபம் இல்லை. பாடலின் ஏற்ற இறக்கம் தட்டையாகிப் போவதுதான் மிஞ்சும்.

பாடல்களின் வரிசைக்கு வருவோம். இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 20 முதல் 22 நிமிடம் வரைதான் நல்ல தரத்தில் பதிய முடிந்தது. தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஒலியில் சிதைவு கூடும் என்பதால், பக்கத்தின் இறுதியில் மென்மையான பாடலை வைக்கும் வழக்கம் வந்தது. இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்துக்கு இன்னொரு வலுவான பாடல் தேவைப்பட்டது. அந்தத் தொழில்நுட்பக் கட்டாயம் போய்விட்ட பிறகும் அந்த வடிவம் காதுக்கு ஒத்துவருகிறது. வரிசையின் மதிப்பை உணர்ந்தவர்கள் அதற்காகப் பேசவும் செய்திருக்கிறார்கள். 2021 நவம்பரில் பிரிட்டிஷ் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதையடுத்து, ஆல்பம் பக்கத்தில் பாடல்களைக் கலைத்துப்போட்டு ஒலிக்கவிடும் பொத்தானை முதன்மை இடத்திலிருந்து ஸ்பாட்டிஃபை அகற்றியது. ஆனால் வரிசையாகக் கேட்பது அடெலின் கேட்பவர்களுக்குப் பொருந்துவதைப் போல முன்பின் தெரியாத ஒருவரின் முதல் ஆல்பத்துக்குப் பொருந்துவதில்லை. என் ஆல்பத்தை முதல் பாடலிலிருந்து வரிசையாகக் கேட்டவர்கள் குறைவு. பெரும்பாலோர் யாரோ அனுப்பிய ஒரு பாடல் வழியாக, நடுவில் எங்கோ ஒரு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள்.

இதனால் வரிசை தேவையற்றதாகிவிடுவதில்லை. அதன் வேலை மாறுகிறது. ஒரு பாடலுக்காக வந்தவர் அதற்கு அடுத்த பாடலையும் கேட்கிறாரா என்பதே கேள்வி. எனவே எந்தப் பாடல் அதிகம் பகிரப்படும் என்று முன்கூட்டியே தோன்றுகிறதோ, அதை அடுத்து, ஆல்பத்தின் தன்மையை நேர்மையாகக் காட்டும் பாடலை வையுங்கள். எனக்கு நான்காவது பாடலே அந்தக் கதவாக அமைந்தது. அதற்கு அடுத்து இருந்த அமைதியான ஐந்தாவது பாடல், வந்தவர்களில் ஒரு பகுதியினரைத் திருப்பி அனுப்பியது. இருந்தவர்களை ஆல்பத்தின் கடைசி வரை அழைத்துச் சென்றது. அந்த இடத்தில் ஐந்தாவது பாடல் இருப்பதே சரி என்று இன்றும் நினைக்கிறேன். எல்லோரையும் தக்கவைக்கும் பாடல் ஒன்றை அங்கே வைத்திருக்கலாம், ஆனால் அது அடுத்து வரும் பாடல்களைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கும்.

தளங்கள் தரும் எண்களைப் பார்க்கும் விதத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். மொத்தம் எத்தனை முறை ஓடியது என்ற எண்தான் கண்ணில் முதலில் படும். அதுவே எல்லாவற்றிலும் குறைவாகச் சொல்வது. அந்த எண்ணைக் கேட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். நிறையப் பேர் ஒருமுறை கேட்ட பாடலும், சிலர் பலமுறை கேட்ட பாடலும் மொத்தத்தில் ஒன்றுபோலத் தெரியும், வகுத்ததும் வேறுவேறாகிவிடும். எத்தனை பேர் அதைச் சேமித்துக்கொண்டார்கள், எத்தனை பேர் தங்கள் சொந்தப் பிளேலிஸ்ட்டில் சேர்த்தார்கள் என்பதும் அப்படியே. ஒருவர் தன் பிளேலிஸ்ட்டில் ஒரு பாடலைச் சேர்க்கும்போது, மற்றொரு நாளில், மற்றொரு மனநிலையில் அது தனக்கு வேண்டும் என்று முடிவு செய்கிறார். என் ஏழாவது பாடலைக் கேட்டவர்கள் ஆல்பத்திலேயே மிகக் குறைவு. ஆனால் ஒருவர் கேட்கும் சராசரி முறை அதற்குத்தான் அதிகம். மொத்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அது தோற்றுப்போன பாடலாகத் தெரிந்திருக்கும்.

ஏழாவது பாடல் எனக்குக் காலத்தைப் பற்றியும் கற்றுக்கொடுத்தது. உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ் 1968இல் வெளியிட்ட ஆய்வுகள், ஒன்றை அடிக்கடி எதிர்கொள்வதாலேயே அதன் மீது விருப்பம் கூடுகிறது என்று காட்டின. பின்னர் இன்னொரு உளவியலாளரான டேனியல் பெர்லின் இதை நுட்பப்படுத்தினார்: விருப்பம் ஓர் எல்லைவரை ஏறி, அளவு மிஞ்சினால் இறங்கும், எளிய வடிவங்களில் இந்த இறக்கம் சீக்கிரம் வரும், சிக்கலானவற்றில் தாமதமாக வரும். இதைப் படித்தபோது என் பாடல்களுக்கு வந்த எதிர்வினைகள் எனக்கு விளங்கின. முதல் வாரத்தில் எல்லோரும் கொண்டாடிய மூன்றாவது பாடல், பிடித்துப்போக எந்த முயற்சியும் கேட்காத பாடல். இரண்டே மாதத்தில் அதைப் பற்றிய பேச்சு அடங்கிவிட்டது. ஏழாவது பாடலின் தாளம் ஏழு எண்ணிக்கையில் அமைந்தது, கோரஸ் ஒரே ஒருமுறைதான் வரும். "அது மட்டும் ஒட்டவில்லை" என்று வெளியான புதிதில் நேர்மையாகச் சொன்ன நண்பர் ஒருவர், சில மாதங்கள் கழித்து, வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவர், "அந்த ஏழாவது பாட்டை இப்போதெல்லாம் ராத்திரியில் போட்டுக் கேட்கிறேன்" என்றார். பாடலில் ஒரு மாற்றமும் நடந்திருக்கவில்லை. அவர் அதை அத்தனை முறை கேட்டிருந்தார், அவ்வளவுதான். எனவே முதல் வாரத்து எதிர்வினையைக் கொண்டு அடுத்த ஆல்பத்தின் திசையை முடிவு செய்யாதீர்கள். குறைந்தது மூன்று மாதமாவது பொறுங்கள்.

முதல் ஆல்பங்களின் வரலாறும் இந்தப் பொறுமைக்கே துணை நிற்கிறது. 1960களில் பிறருக்காக ஏராளமான வெற்றிப் பாடல்களை எழுதியவர் கரோல் கிங். 1970இல் வெளிவந்த அவருடைய முதல் தனி ஆல்பத்தை அதிகம் பேர் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டே வந்த இரண்டாவது ஆல்பம் அமெரிக்காவில் தொடர்ந்து 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த பாடகர் சிக்ஸ்டோ ராட்ரிகஸின் முதல் ஆல்பமும் 1970இல்தான் வந்தது. சொந்த நாட்டில் அது விலைபோகவில்லை. அவர் கட்டட வேலைக்குப் போனார். அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் அந்தப் பாடல்கள் ஒரு தலைமுறையின் பாடல்களாகிவிட்டன என்பது அவருக்கு 1990களின் பிற்பகுதியில்தான் தெரிந்தது. 1998இல் அவர் அங்கே போய்ப் பாடினார். பிரிட்டிஷ் பாடகி வாஷ்டி பன்யனின் 1970ஆம் ஆண்டு முதல் ஆல்பமும் அப்படியே புறக்கணிக்கப்பட்டது. அவர் இசையிலிருந்தே ஒதுங்கினார். 2000இல் அது மறுவெளியீடு கண்டபோது புதிய தலைமுறை ஒன்று அதைத் தனதாக்கிக்கொண்டது. 2005இல் அவர் இரண்டாவது ஆல்பம் செய்தார். இவற்றைச் சொல்வது எல்லாப் பாடல்களுக்கும் ஒரு நாள் விடியும் என்று ஆறுதல் கூறுவதற்காக அல்ல. பல பாடல்களுக்கு விடிவதில்லை. வெளியான வாரத்து மௌனமும் பாடலின் தரமும் வேறு வேறு என்பதற்கு இவை சான்று.

அமெரிக்கப் பாடகி ட்ரேசி சாப்மனின் முதல் ஆல்பத்துக்கு நடந்தது எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி. ஆல்பம் 1988 ஏப்ரலில் வெளிவந்தது. அந்த ஆண்டு ஜூன் 11 அன்று, நெல்சன் மண்டேலாவின் 70ஆம் பிறந்தநாளையொட்டி லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த பெரும் இசை நிகழ்ச்சியில் அவர் பகலிலேயே பாடி முடித்துவிட்டார். மாலையில் பாடகர் ஸ்டீவி வொண்டர் பாட வேண்டிய நேரத்தில் அவருடைய கருவிக்குரிய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனதால் அவரால் மேடையேற முடியவில்லை. அந்த இடைவெளியை நிரப்பச் சாப்மன் ஒரு கிதாரோடு தனியாக மீண்டும் மேடைக்கு வந்தார். பல நாடுகளில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த மக்கள் 'ஃபாஸ்ட் கார்' பாடலை அப்போதுதான் கேட்டார்கள். ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குப் போனது. அதே பாடலை 2023இல் பாடகர் லூக் கோம்ப்ஸ் பாடி மீண்டும் பெரும் வெற்றியாக்கினார். 2024 பிப்ரவரியில் கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடினார்கள். மேடையின் தற்செயலை நாம் உருவாக்க முடியாது. ஆனால் எந்த நேரத்தில் அழைத்தாலும் மற்றக் கருவிகளின் துணையில்லாமல், ஒரு கிதாரோடோ ஒரு கீபோர்டோடோ பாடக்கூடிய நிலையில் நம் பாடல்களை வைத்திருக்கலாம். ஆல்பத்தில் எத்தனை அடுக்கு இசை இருந்தாலும், ஒவ்வொரு பாடலுக்கும் தனியாகப் பாடும் ஒரு வடிவத்தை நான் ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறேன். சிறிய அரங்குகளில் ஒலிபெருக்கி ஒத்துழைக்காத நாள்களில் அது கைகொடுத்திருக்கிறது.

தானே எழுதிப் பாடுகிறவரிடம் கேட்பவர்கள் ஒன்றை எதிர்பார்க்கிறார்கள்: பாடலில் வரும் "நான்" பாடுகிறவரேதான் என்பது. பிறர் எழுதிய காதல் பாடலைப் பாடும் பாடகரிடம் யாரும் "அவர் யார்?" என்று கேட்பதில்லை, நம்மிடம் கேட்பார்கள். உறவினர்கள் ஒவ்வொரு வரியிலும் தங்களைத் தேடுவார்கள். ஒரு பாடலில் உண்மையாகவே ஒருவர் இருந்தால், அது வெளிவரும் முன் அவருக்குத் தனியாகப் போட்டுக் காட்டிவிடுங்கள் என்பதை வற்புறுத்திச் சொல்வேன். பிரிந்துபோன தோழி ஒருத்தியைப் பற்றிய எட்டாவது பாடலை நான் அவளுக்கு முன்பே அனுப்பினேன். ஒரு வரியை மட்டும் மாற்றச் சொன்னாள், மாற்றினேன், பாடல் அதனால் மேம்பட்டது.

அதே பாடலைப் பாடிய ஒரு மாலையில், நிகழ்ச்சி முடிந்ததும் வயதான ஓர் அம்மா என்னிடம் வந்தார். "ஏம்மா, இந்தப் பாட்டை உன் தங்கச்சிக்காகத்தானே எழுதினே?" என்றார். எனக்குத் தங்கை இல்லை. அதை நான் சொல்லவில்லை. "உங்களுக்கு அப்படிப் பட்டுச்சாம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவர் தன் தங்கையைப் பற்றி வெகுநேரம் பேசினார்: இருவரும் ஒரே பாயில் படுத்து உறங்கியது, பிறகு ஒரு சொத்துத் தகராறில் பேச்சு நின்றது, கடைசியாகப் பார்த்தபோது அவள் முடி நரைத்திருந்தது. பாடலில் வரும் "பாதிச் சீப்பு" என்ற சொல்தான் அவரை அங்கே கொண்டுபோயிருந்தது. நானும் என் தோழியும் உடைந்த ஒரு சீப்பைப் பகிர்ந்துகொண்ட நினைவில் எழுதியது அது. அன்றிலிருந்து, நேர்காணலிலோ மேடையிலோ எந்தப் பாடல் யாரைப் பற்றியது என்று நான் விளக்குவதில்லை. எழுதப்பட்ட சூழலைச் சொல்லலாம், ஒலிப்பதிவில் நடந்ததைச் சொல்லலாம். பொருளை மட்டும் கேட்பவரிடம் விட்டுவிட வேண்டும். பொதுவான உணர்ச்சிச் சொற்களைவிடச் சீப்பு போன்ற கைக்கெட்டும் பொருள்களே கேட்பவரை அவருடைய சொந்த நினைவுக்குக் கொண்டுசெல்கின்றன என்பதையும் அந்த அம்மாவிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

குறை சொல்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்னாரைப் போல இருக்கிறது என்ற ஒப்பீடு அவர்களிடமிருந்து அதிகம் வரும். முதலில் அது என்னைச் சங்கடப்படுத்தியது. ஆனால் அறிமுகமில்லாத குரலை எந்த அலமாரியில் வைப்பது என்று கேட்பவர் தேடும் வழி அது. பல நேரங்களில் அதுவே அவர் பிறருக்கு நம்மை அறிமுகப்படுத்தும் வழியாகவும் இருக்கிறது. ஒப்பீடு ஒரு குறிப்பிட்ட மெட்டைச் சுட்டினால் மட்டும் உட்கார்ந்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்கப் பாடகி ஒலிவியா ரோட்ரிகோவின் 2021 முதல் ஆல்பத்தில், வெளியான பிறகு சில பாடல்களுக்கு வேறு பாடலாசிரியர்களின் பெயர்களும் சேர்க்கப்பட்டன. கேட்பவர்களின் காது கூர்மையானது. வெளியீட்டுக்கு முன்பே அதைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது. உடன் இசைத்தவர்களோடு பாடலின் பங்கு யாருக்கு எவ்வளவு என்று எழுதி ஒப்பமிட்டுக்கொள்வதையும் அப்போதே முடித்துவிட வேண்டும்.

இடத்தைச் சுட்டிச் சொல்லப்படும் குறையை நான் எழுதி வைத்துக்கொள்கிறேன். "பத்தாவது பாடல் முடியும் முன்பே முடிந்துவிட்டது போலத் தோன்றியது" என்பது அப்படி ஒன்று; அதே கருத்து இன்னொருவரிடமிருந்தும் வந்தபோது, கடைசிக் கோரஸுக்கு முன் வரும் நீண்ட இடைவெளியை அவர்கள் முடிவாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று புரிந்தது. மேடையில் இப்போது அந்த இடைவெளியில் கிதாரின் ஒற்றைத் தந்தியை மட்டும் மீட்டிக்கொண்டே இருக்கிறேன். யாரும் முன்கூட்டிக் கைதட்டுவதில்லை. "இசையே சரியில்லை" என்பதைப் போன்றவற்றுக்குப் பதில் எழுதுவதில்லை. அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

பதில் எழுதுவது என்றால், பாடலை முழுதாகக் கேட்டு எழுதியவர்களுக்குத் தாமதமானாலும் எழுதுகிறேன். அவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டீர்கள்? பேருந்தில், சமைக்கும்போது, குழந்தையைத் தூங்கவைக்கும்போது, வேலை முடிந்து விளக்கை அணைத்த பிறகு என்று பதில்கள் வருகின்றன. இரண்டாவது ஆல்பத்துக்கான பாடல்களை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பாடலின் முதல் பதிவையும் அந்தப் பட்டியலில் இருக்கும் ஏதாவது ஒரு நேரத்தில், அதே வேலையைச் செய்துகொண்டே கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் இசைக்கோவைக்கு அனுப்புகிறேன். கூட்டமான பேருந்தில் கேட்டபோது ஒரு பாடலின் வரிகள் இரைச்சலில் அமிழ்ந்துபோயின. அதன் சுருதியை ஒரு படி ஏற்றி, சொற்களுக்கு இடையே கூடுதல் இடம் விட்டு, அந்தப் பாடலை மறுபடி பதிவு செய்துகொண்டிருக்கிறோம்.